வெள்ளிக்கிழமை கேட்ட காவல்காரர்கள்

காவல் வேலையில் எதுவும் நடக்காதவரை நம்மை யாரும் பார்ப்பதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் நம்மைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை.

காக்கிச் சட்டையின் முதுகில் உப்புக் கோடு விழ வெயிலில் நின்றவர்களே, போகிற வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்துத் தோள்பட்டை தேய்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. எண்பதுகளின் நடுவில் துபாயில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் நான் காவல்காரனாக இருந்தேன். அப்போது எங்களுக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். இந்தியிலும் உருதுவிலும் மற்ற பாஷைகளிலும் பேசியதை என் தமிழில் தருகிறேன். சொல் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், சூடு குறையாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஏஜெண்டின் எச்சரிக்கை

துபாய் போவதற்கு முன் நான் ராமநாதபுரம் பக்கம் போலீஸ் கான்ஸ்டபிள். அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது, அவர் வீட்டம்மாவுக்குக் காய்கறிக் கூடை தூக்குவது, அவர் மாமியார் வருகிற பஸ்ஸுக்காக ஸ்டாண்டில் காத்துக் கிடப்பது எல்லாம் சட்டம் ஒழுங்கில் சேர்த்தி என்று எங்களை நம்பவைத்திருந்த காலம் அது. காவலர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியபோது எங்கள் ஸ்டேஷனில் நானும் கை தூக்கினேன். தூக்கிய கையை இறக்குவதற்குள் வேலை போய்விட்டது. மில்லில் வேலை பார்க்கிறவன் சங்கம் வைத்தால் அவன் தொழிலாளி. போலீஸ்காரன் சங்கம் வைத்தால் துரோகி. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சென்னை மண்ணடியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தேன். போலீஸ் வேலையை யாராவது விடுவார்களா, என்ன ஆயிற்று என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. என் பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கே போய் சங்கம்னு வாயைத் திறந்தா, வாயை மட்டும் திருப்பி அனுப்ப மாட்டாங்க தம்பி. முழு ஆளையும் அனுப்பிருவாங்க."

காணாமல் போன வெள்ளிக்கிழமை

எங்கள் கேம்ப் அல் கூஸில் இருந்தது. சுற்றிலும் கோடவுன், ஒர்க்‌ஷாப், நடுவில் தகரக் கூரை போட்ட எங்கள் வரிசை. என் ரூமில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஷேர் கான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். இன்னொருவன் கருப்பசாமி, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவன், பேச்சு குறைவு. மூன்றாமவர் யோகராசா, யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிக்காரர். இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்ததால் அவரை மட்டும் கேட்டில் நிற்க விடாமல் ஆபீசில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். நான் கான்ஸ்டபிளாகவே வேலை போனவன் என்றாலும் கேம்ப்பில் எல்லாரும் எனக்குப் பதவி உயர்வு கொடுத்து ஏட்டையா ஆக்கியிருந்தார்கள்.

அந்த வருஷம் எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெய் விழுந்தால் எங்கள் மேல்தான் விழும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. கோடவுன்காரர்கள் காவலைக் குறைத்தார்கள். கம்பெனி பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பேர் தலையில் அவர்கள் வேலையையும் ஏற்றியது. சூப்பர்வைசர் ரத்தோர் ஒரு நாள் கேம்ப் வாசலில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். ராஜஸ்தான்காரர், இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். மறு உத்தரவு வரும்வரை வாரலீவு கிடையாது என்று அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி துவைப்பது அன்றைக்கு, முடிவெட்டுவது அன்றைக்கு. கறி எடுத்துச் சமைப்பதும், டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பெண்டாட்டிக்கு ஒரு கேசட் முழுக்கப் பேசி அனுப்புவதும் அன்றைக்குத்தான். ஒரு மனிதன் யாருக்கோ மகன், புருஷன், அப்பன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வாரத்தில் மிச்சமிருந்த ஒரே நாள் அது. வரிசையிலிருந்து ஷேர் கான் மட்டும் ஒரு அடி முன்னால் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஜும்மா தொழுகைக்குக் கூப்பிடுவது அல்லா. லீவு கிடையாது என்பது மானேஜர். இந்தக் கம்பெனியில் இரண்டு பேரில் யார் பெரியவர் என்று விசாரித்துச் சொல்லுங்கள் ஹவில்தார் சாப்."

நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்

எங்கள் மானேஜர் வெள்ளைக்காரர். அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மத்தியானம் ரோந்து வந்தபோது, ஒரு கோடவுன் கேட்டில் நேபாளிப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குவதைப் பார்த்துவிட்டார். அவன் முந்தின நாளிலிருந்து மாற்று ஆள் வராமல் தொடர்ந்து டியூட்டியில் இருந்தவன். அதை அவர் கேட்கவில்லை. குற்றவாளி நாற்காலிதான் என்று முடிவு செய்தார். மறுநாள் ஒரு பிக்கப் வண்டி ஒவ்வொரு சைட்டாகப் போய் எல்லா நாற்காலிகளையும் அள்ளிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம், கேட் பக்கத்தில் இருந்த சின்னச் சின்னக் கேபின்களையும் வாடகை மிச்சம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த நாற்காலிகளை ஆபீசுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் கவிழ்த்து அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். நல்ல நிழல், காற்றோட்டம். ரத்தோரிடம் போய், நாற்காலிக்கு நிழல் கொடுத்திருக்கிறீர்கள், மனுஷனுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் கெட்ட மனுஷன் கிடையாது. மேலே சொன்னதைக் கீழே சொல்லிப் பழகியவர், அவ்வளவுதான். எனக்குச் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நாற்காலியைப் பார்த்தால்தான் கால் வலிக்கும் ஏட்டு. பார்க்காவிட்டால் வலிக்காது."

விளக்குக் கம்பத்தின் நிழல்

ஆகஸ்டில் என்னையும் கருப்பசாமியையும் ருவைஸுக்கு அனுப்பினார்கள். அபுதாபிக்கும் அப்பால் எண்ணெய் சுத்திகரிக்கும் ஊர். அங்கே ஒரு குழாய் யார்டுக்கு இரண்டு கேட், ஆளுக்கொரு கேட். பக்கத்தில் கடல் இருப்பதால் காற்று குளிரும் என்று நினைத்துவிடாதீர்கள். இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதுதான் காலையிலிருந்து சாயங்காலம்வரை. மரம் கிடையாது, சுவர் கிடையாது, கேபினைத்தான் எடுத்துப் போயிருந்தார்கள். கருப்பசாமியின் கேட்டில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதன் நிழல் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. அவன் அந்த நிழலுக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பான். நிழல் நகர நகர அவனும் கம்பத்தைச் சுற்றி நகர்வான். உச்சி வேளையில் நிழல் கம்பத்தின் காலுக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது அவனுக்குப் போக இடமில்லை.

அப்படி ஒரு உச்சி வேளையில்தான் விழுந்தான். நான் என் கேட்டை விட்டு ஓடினேன். உடம்பு தணலாகக் கொதித்தது, ஆனால் வேர்வை ஒரு பொட்டு இல்லை. கண் மேலே செருகியிருந்தது. யார்டில் வேலை செய்த இரண்டு மலையாளிகள் தண்ணீர் ஊற்றி, ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் யார்டு ஆபீசிலிருந்து துபாய்க்குப் போன் செய்தேன். எடுத்தவர் மானேஜரே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஆள் விழுந்துவிட்டான், பேச்சில்லை, பிழைப்பானா தெரியவில்லை என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு மானேஜர் கேட்டார்: "சரி, இப்போது கேட்டில் யார் நிற்கிறார்கள்?"

வழியனுப்பல்

கருப்பசாமி பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது வேறு கருப்பசாமி. சூடு தலைக்குள் எதையோ வேகவைத்துவிட்டது. பெண்டாட்டி பெயரைச் சொன்னால் யோசிப்பான். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் போட்டுவிட்டு மறுபடி கழற்றுவான். வேலைக்கு லாயக்கில்லை என்று கம்பெனி அவன் விசாவைக் கேன்சல் செய்து டிக்கெட் கொடுத்தது. எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. கேபின் போட முடியாத கம்பெனிக்கு இதில் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

அபுதாபி ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். அதே விமானத்தில் போகிற மதுரைக்காரர் ஒருவரைப் பிடித்து, சென்னையில் இவன் மச்சானிடம் ஒப்படைக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். நாற்காலிகளை அள்ளிக்கொண்டு போன பிறகு அவனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி. உள்ளே தள்ளிப்போக ஆள் வந்ததும் அவன் மிரண்டுவிட்டான். என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, டியூட்டியில் கேட்பதுபோலவே தணிந்த குரலில் கேட்டான்: "ஏட்டையா, ரிலீவர் வந்துட்டானா? வராம நான் எப்படிப் போறது?"

மேட்ச் எப்போது?

நான் துபாய் கேம்ப்புக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அன்று யாரும் சாப்பிடவில்லை. இளவட்டங்கள் மானேஜர் காரைக் கொளுத்தலாம் என்றார்கள். நான் தடுத்தேன். போலீஸில் இருந்தவன் என்பதால் அதற்கு அடுத்தது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. நமக்கு ஒரு சங்கம் வேண்டும் என்றேன். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். அந்த நாட்டில் அது சொல்லக்கூடிய வார்த்தை கிடையாது.

வழி சொன்னவர் யோகராசா. ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர், நிதானமாகப் பேசுவார். ரூமில் யாரோ வாங்கிப்போட்ட வாலிபால் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரூமுக்கு ஒரு ஆள் டீமில் சேருவது, ஷேர் கான் கேப்டன், நான் கோச், கேட்பது மூன்றே மூன்று: தலைக்கு மேல் ஒரு கூரை, உட்கார ஒரு நாற்காலி, வாரத்தில் ஒரு நாள் லீவு. சம்பளத்தைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம் என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ளவைத்தார். பட்டாணி, மலையாளி, நேபாளி, தமிழன் எல்லாரும் ஒரே ரூமில் நெருக்கியடித்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கலைவதற்கு முன் யோகராசா கையமர்த்திச் சொன்னார்: "சங்கம் எண்ட சொல்லை இனி ஒருத்தரும் வாயில எடுக்கக் கூடாது. கூட்டம் எப்ப எண்டு கேக்கிறதெண்டால், மேட்ச் எப்ப எண்டு கேளுங்கோ."

லாரிக்காரர் கேட்ட கேள்வி

முதலில் முறையாகத்தான் போனோம். மானேஜரைப் பார்த்து மூன்றையும் கேட்டோம். கருப்பசாமியைப் பற்றிச் சொன்னபோது, அவனுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார். இருந்திருக்கும்! ஏர் கண்டிஷனர் ரூமில் உட்கார்ந்து அவர் கண்டுபிடித்த வியாதி. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வேலைநிறுத்தம் என்றால் அன்றே விமானம் ஏற்றிவிடுவார்கள். அதனால் நாங்கள் வேலையை நிறுத்தவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தோம். கேட்டுக்கு வரும் ஒவ்வொரு வண்டியையும் முழுக்கத் திறந்து பார்க்க வேண்டும், ஒவ்வொரு ஆளின் பாஸையும் வாங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குப் போட்டிருந்த உத்தரவு. நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. செய்தால் ஊர் நகராது. நாங்கள் செய்தோம். டயர் நடுவில் குனிந்து பார்த்தோம். தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னோம். டிரைவரின் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். அல் கூஸில் லாரி வரிசை மெயின் ரோடுவரை நின்றது. ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. கோடவுன்காரர்கள் மானேஜருக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். காவல்காரர்கள் உத்தரவை மதிக்கிறார்கள் என்று எந்த மானேஜரால் கோபித்துக்கொள்ள முடியும்?

என் கேட்டில் ஒரு பட்டாணி லாரி டிரைவர் வெயிலில் வெகுநேரம் காத்திருந்து, இறங்கிவந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். எனக்கும் ரத்தம் ஏறியது. பக்கத்து கேட்டிலிருந்து ஷேர் கான் ஓடிவந்து அவருடைய பாஷையில் என்னவோ சொன்னார். ருவைஸ் என்ற வார்த்தையும் ஜும்மா என்ற வார்த்தையும் எனக்குப் புரிந்தது. டிரைவர் கையை எடுத்தார். என் காலரை அவரே நீவிவிட்டார். பிறகு போய் லாரியின் பின்கதவைத் தானே அகலத் திறந்துவைத்துவிட்டுச் சொன்னார்: "நிதானமாகப் பார் பாய், அவசரமே இல்லை. எனக்கு மட்டும் வெள்ளிக்கிழமை இருக்கிறதா என்ன?"

போலீஸ் பார்த்த மேட்ச்

இந்தப் பையன்கள் கூட்டம் போடுகிறார்கள் என்று யாரோ மேலே சொல்லியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் போலீஸ் ஜீப் ஒன்று கேம்ப்புக்குள் வந்தது. இறங்கியவர் உள்ளூர் அதிகாரி, உருது தடங்கலில்லாமல் பேசினார். இங்கே வாலிபால் டீம் ஒன்று இருக்கிறதாமே, விளையாடிக் காட்டுங்கள் என்றார். ரத்தோர் ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டு போன நாற்காலிகளில் ஒன்று.

எங்களிடம் வலை கிடையாது. துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினோம். ஷேர் கான் அடித்த முதல் அடியில் பந்து கக்கூஸ் கூரைக்குப் போனது. நான் போட்ட சர்வீஸ் எங்கள் ஆள் பிடரியிலேயே விழுந்தது. யோகராசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்ததால் பந்தை எந்தத் திசையில் தேடுவது என்றே தெரியாமல் நின்றார். ஊரில் வேலைநிறுத்தக்காரர்களைக் கண்காணிக்க என்னை மஃப்டியில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேலையின் மறுபக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்று தெரிந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களைச் சேர்த்துவைத்தது இந்தப் பந்து இல்லை என்று நன்றாகத் தெரிகிறது. அது என்ன என்று இன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்னொரு முறை வந்தால் கேட்பேன்."

மூன்று கொடுத்து ஒன்று எடுத்தார்

அவர் போன பிறகு பாதிப் பேர் விட்டுவிடலாம் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொரு ஆளின் தலையிலும் ஊரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் மறுநாள் காலை கேட்டில் போய் நின்றதும், ஒருவர்கூட விடவில்லை. லாரி வரிசை முன்பைவிட நீண்டது. கடைசியில் எங்கள் கபீல் வந்தார். எங்கள் விசாவுக்கெல்லாம் பொறுப்பான அரபி முதலாளி அவர்தான், கம்பெனி அவர் பெயரில்தான் இருந்தது. அதுவரை நாங்கள் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருந்தோம். அவர் மானேஜர் ரூமில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இருந்தார். வெளியே வந்ததும் ரத்தோர் அறிவித்தார்: நாற்காலி திரும்ப வரும், எல்லா கேட்டுக்கும் கூரை போடப்படும், வாரலீவு உண்டு. கேம்ப்பே கட்டிப் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ரத்தோர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். யோகராசாவுக்கு கேன்சல். நாளைக்கே கொழும்பு விமானம்.

கொழும்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அப்போது அங்கே இளவயதுத் தமிழன் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதே நிச்சயமில்லாத காலம். யோகராசாவின் தம்பியை அந்த வருஷம்தான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் ரத்தோரிடம் பாய்ந்தேன். வண்டிகளைத் திறக்கச் சொன்னது நான், கோச் நான், என்னை அனுப்புங்கள் என்றேன். ரத்தோர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், ஊருக்கு அனுப்ப மானேஜருக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம், மற்றவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்று நினைக்கிறாராம். எனக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அவமானம் நடந்ததில்லை.

நானும் ஷேர் கானும் அன்று பிற்பகலே கபீல் வீட்டுக்குப் போனோம். உட்காரவைத்து, பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபிக் காப்பியும் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். கொழும்பில் என்ன நடக்கிறது என்று ஷேர் கான் தனக்குத் தெரிந்த அரபியில் விளக்கியபோது அவர் முகம் உண்மையாகவே வாடியது. டிக்கெட்டைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி எங்கள் எதிரிலேயே போன் செய்தார். யோகராசாவின் உயிர் அந்த ஒரு போனில் பிழைத்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வேலை? அவரையே வைத்துக்கொள்ளக் கூடாதா? கேட்டோம். மானேஜருக்கும் முகம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். பிறகு என் தோளில் கைவைத்து, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்கள் மூன்று கேட்டீர்கள், மூன்றும் கொடுத்தேன். நான் ஒன்றுதான் எடுத்தேன். இதைவிட நியாயமான வியாபாரம் எங்கே இருக்கிறது?"

கதிரை

யோகராசா ஒரு சின்னப் பெட்டியோடு கேம்ப் வாசலில் நின்றார். பிக்கப்பில் ரத்தோர் காத்திருந்தார். வெற்றி என்று நேற்று கட்டிப் பிடித்துக்கொண்டவர்கள் இன்று அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் தாங்க முடியாமல், உங்களை அனுப்பிவிட்டு எங்களுக்கு என்ன கூரை வேண்டிக்கிடக்கிறது, இப்போதே எல்லாரும் கேட்டை விட்டு வருகிறோம் என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கிடைத்ததைக் கையால் தள்ளிவிட்டால் தான் போவதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும் என்றார். ருவைஸில் முதலில் கூரை போடுகிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார்.

பிறகு ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார். கேட்டுகளுக்கு நாற்காலி அனுப்புகிற அவசரத்தில் வயர்லெஸ் ரூமிலிருந்த அவருடைய நாற்காலியையும் யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நாற்காலியைக் கதிரை என்பார்கள். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "என்ர இடத்துக்கு வாற பெடியனுக்கு ஒரு கதிரை குடுக்கச் சொல்லுங்கோ அண்ணை. அவன் என்ன பாவம் செய்தவன்?"

குரூப் போட்டோ

கூரை வந்தது. நாற்காலி வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை கேம்ப்பில் பலர் மத்தியானம்வரை தூங்கினார்கள். நான் கருப்பசாமி வீட்டுக்கு ஒரு கேசட் பேச உட்கார்ந்தேன். டேப் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்கு வார்த்தை வரவில்லை.

சில மாதம் கழித்து மானேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொழிலாளர் நலனில் கம்பெனிக்கு எவ்வளவு அக்கறை என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேண்டுமாம். வாலிபால் டீமுக்குக் கம்பெனி பெயர் போட்ட பனியன் வந்தது, வலை வந்தது, ஒரு வெள்ளிக் கோப்பைகூட வந்தது. மானேஜர் நடுவில் நிற்க, நாங்கள் இரண்டு பக்கமும் நிற்க, போட்டோக்காரர் தயாராக இருந்தார். ஷேர் கானைக் காணோம். தேடினால் கூரை நிழலில், நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் இல்லாமல் எப்படி என்று மானேஜரே வந்து கூப்பிட்டார். ஷேர் கான் எழுந்திருக்காமல் சொன்னார்: "டீமில் இரண்டு ஆள் குறைகிறது சாப். ஒருவன் அருப்புக்கோட்டையில் இருக்கிறான், ஒருவர் மதராஸில் இருக்கிறார். அவர்களைக் கூப்பிட்டு நிறுத்துங்கள், நானும் வந்து நிற்கிறேன்."

ஒரு கூரைக்கும் ஒரு நாற்காலிக்கும் ஒரு வெள்ளிக்கிழமைக்குமே ஒருவனுக்கு ஞாபகமும் ஒருவருக்கு வேலையும் போனதென்றால், யோகராசா பேச்சைக் கேட்காமல் சம்பள உயர்வும் சேர்த்துக் கேட்டிருந்தால் எங்களில் யார் யார் மிஞ்சியிருப்போம் என்று இப்போதும் சில சமயம் யோசித்துப் பார்க்கிறேன்.